விருதுபட்டிக் குழாய்

வைகை அணைக்குப் போகிறவர்கள் பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள. சிவில் படித்த நமக்கு அங்கே பார்க்க வேண்டியது வேறு. நடுவில் கல்கட்டு, அதையொட்டி நீண்டு கிடக்கிறதே மண் கரை, அதுதான். மண் அணை என்றால் மண்ணைக் கொட்டிக் குவிப்பது இல்லை. அடுக்கடுக்காகப் பரப்பி, அளவாக ஈரம் சேர்த்து, ரோலர் விட்டு இறுக்க வேண்டும். அப்புறமும் தண்ணீர் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அது மண்ணை அரிக்காமல் வெளியேற வழி செய்வதில்தான் நம் சாமர்த்தியம் எல்லாம்.

அந்த அணை 1959-இல் திறக்கப்பட்டபோது முதலமைச்சராக இருந்தவர், ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட நம்ம ஊர்க்காரர்.

காமராஜர் 1903 ஜூலை 15-இல் விருதுபட்டியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை காலமானார். பிறகு மாமாவின் துணிக்கடை, காங்கிரஸ், சிறை. சிறைவாசம் மட்டும் மொத்தம் ஏறக்குறைய ஒன்பது ஆண்டு. 1941-இல் அவர் உள்ளே இருக்கும்போதே நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்ததும் ராஜினாமா செய்துவிட்டார். முழுசாக உழைக்க முடியாத பதவி எதற்கு என்பது அவர் கணக்கு.

1954 முதல் 1963 வரை முதல்வர். அமராவதி, மணிமுத்தாறு, சாத்தனூர், கிருஷ்ணகிரி, வைகை என்று அணைகள் அந்தக் காலத்தில் எழுந்தன. மணிமுத்தாறும் பெரும்பகுதி மண் அணைதான். ஆனால் சொந்த ஊர்? நம்முடையது வைப்பாற்று வடிநிலம். வைகைத் தண்ணீர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. மழை குறைந்த கரிசல் பூமி என்பதால்தானே தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே பிழைத்தன! அவர் 1957-லும் 1962-லும் ஜெயித்தது சாத்தூரில். அந்த ஊர்ப் பாலத்தில் நின்று பாருங்கள், பெரும்பாலான நாள் வைப்பாற்றில் மணல்தான் ஓடும்.

குழாய்க் கதை உங்களுக்குத் தெரியும். முதல்வரின் தாயார் சிவகாமி அம்மாள் தெருக்குழாய்க்கு நடக்க வேண்டாமே என்று நகராட்சி வீட்டுக்குள்ளேயே இணைப்புக் கொடுத்தது. மகனுக்குத் தெரிந்ததும் அதைப் பிடுங்கச் சொல்லிவிட்டார். மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் விழும். எனக்குப் பள்ளி நாளில் சைக்கிளின் இருபக்கமும் குடம் கட்டித் தண்ணீர் எடுத்த அனுபவம் உண்டு. அதனால் கைதட்டும்போதே உள்ளே ஒரு சங்கடம். குடம் சுமந்தது அவர் இல்லையே, அந்த அம்மாள்தானே? இருந்தாலும் ஊருக்கே தண்ணீர் இல்லாதபோது முதல்வர் வீட்டுக்கு மட்டும் தனிக்குழாய் என்றால், இன்ஜினியர் கணக்கிலும் அது கசிவுதான். ஒரு இடத்தில் விட்டால் கரை நிற்காது.

1967-இல் இதே விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றார். 1975 அக்டோபர் 2-இல் மறைந்தார். வெம்பக்கோட்டையும் ஆனைக்குட்டமும் அதற்குப் பிறகு வந்தவை. சிவகாசிக்கும் விருதுநகருக்கும் குடிதண்ணீர் கொடுத்த அந்த நீர்த்தேக்கங்களை அவர் பார்க்கவில்லை.

இந்தக் கட்டுரையை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். குழாயைப் பிடுங்கினது தப்புத்தாண்டா என்கிறாள், இன்னமும்.