ஆணிப் பீப்பாய்மேல் எழும்பின சபை



அமெரிக்காவில் அடிமைகளாயிருந்து விடுதலையான பெற்றோருக்கு 1870-ல் பிறந்தவர் வில்லியம் சீமோர். ஹூஸ்டன் நகர வேதப் பள்ளியில், கறுப்பர் என்பதால் வகுப்புக்குள் அவருக்கு இடமில்லை. திறந்திருந்த கதவுக்கு வெளியே உட்கார்ந்து படித்தார். 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். அழைத்த சபையே அவர் உபதேசத்தை ஏற்காமல் கதவைப் பூட்டியது. சோர்ந்துபோகாமல் விசுவாசிகளின் வீட்டில் ஜெபித்தார். ஏப்ரல் 9-ந் தேதி ஆவியானவர் இறங்கினார். வீடு கொள்ளாத கூட்டம்!

அசூசா தெருவில் ஒரு பாழடைந்த கட்டிடம் கிடைத்தது. கீழ்த்தளம் குதிரை கட்டின இடம். விசுவாசிகளே சுத்தம் பண்ணினார்கள். ஆணிப் பீப்பாய்மேல் பலகை போட்டால் பெஞ்சு. மரப்பெட்டிகளை அடுக்கினால் பிரசங்க பீடம். மேடை கிடையாது. பாஸ்டர் அந்தப் பெட்டிக்குள் தலையை வைத்து ஜெபிப்பார். ஆவியானவர் ஏவினவர் எழும்பிப் பாடுவார், சாட்சி சொல்லுவார்; ஆண், பெண், வெள்ளையர், கறுப்பர் பேதமில்லை. செப்டம்பரில் சபைப் பத்திரிகையும் வெளிவந்தது. மூன்று வருஷம் அந்த அக்கினி எரிந்தது, தேசங்களுக்கும் பரவியது.

சீமோர் 1922-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கட்டிடமும் பிறகு இடிக்கப்பட்டது. ஆனால் அங்கே எழும்பின ஜனங்கள் மூலமாய்ச் சபைகள் பெருகின.

இன்றைக்கு நமக்கு நல்ல நாற்காலி இருக்கு, மைக் இருக்கு. ஆனா ஜெபிக்கவும், பெருக்கவும், நோயாளியைப் பார்க்கவும் பாஸ்டர் ஒருத்தர் போதும்னு உட்கார்ந்திருக்கோமே! பிரியமானவர்களே, உங்கள் கையில் இருக்கிற பலகை எது? வருகிற ஞாயிறு அதைக் கொண்டுவாருங்கள். ஆமென்.