முழுக் கணக்கு எழுதிய குமரப்பா

செக்கு எண்ணெய் விலை அதிகம், துணிப்பை விலை அதிகம், பனையோலைப் பெட்டி விலை அதிகம் என்று அன்றாடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கணக்கு சரிதானா என்று ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவர், தொழிலால் ஒரு தணிக்கையாளர். அவர் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா.

1892 ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். கொர்னேலியஸ் என்று அழைக்கப்பட்டு வந்தவர், பின்னாளில் குமரப்பா என்னும் குடும்பப் பெயரை ஏற்றார். லண்டனில் கணக்காய்வு பயின்று, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தி, மேனாட்டு உடையும் வசதியுமாக வாழ்ந்தார். பிறகு அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதியை ஆராய்ந்தபோது, இந்தியாவின் வறுமைக்கு ஆங்கிலேய அரசின் வரிவிதிப்பும் செலவு முறையும் எவ்வாறு காரணமாயின என்பதைக் கண்டார். அந்த ஆய்வு அவர் வாழ்வின் திசையையே மாற்றியது.

1929 மே 9-ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். குஜராத்தின் கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் பொருளாதார ஆய்வு நடத்தும் பணியைக் காந்தி அவரிடம் ஒப்படைத்தார். குஜராத் வித்யாபீட மாணவர்களுடன் கிராமம் கிராமமாகச் சென்று உழவரின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். பெருநிறுவனங்களின் ஏடுகளைத் தணிக்கை செய்த கை, ஏழைக் குடிசையின் கணக்கை எழுதத் தொடங்கியது.

1934-இல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் உருவானபோது அதை நடத்தும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. வார்தாவின் மகன்வாடி அதன் தலைமையிடமாயிற்று. அங்கே செக்கு, கைக்காகிதம், கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, சோப்புத் தயாரிப்பு ஆகியவற்றில் ஆய்வும் பயிற்சியும் நடந்தன. கைவினைஞர் மீது இரக்கம் காட்டுமாறு அவர் யாரையும் கேட்கவில்லை. கருவியைத் திருத்தி, உழைப்பின் பளுவைக் குறைத்து, பொருளின் தரத்தை உயர்த்தவே முனைந்தார்.

மகன்வாடியில் உருவான மகன் தீபம் என்னும் விளக்கு அவர் சிந்தனைக்கு நல்ல சான்று. அது மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரிந்தது. மண்ணெண்ணெய் வாங்கும் காசு ஊரைவிட்டு வெளியேறிவிடும். ஊர்ச் செக்கில் ஆட்டிய எண்ணெயின் காசோ விதைத்தவருக்கும் ஆட்டியவருக்கும் செல்லும். பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகும். மேலும், பெட்ரோலியம் எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு; எண்ணெய் வித்தோ ஆண்டுதோறும் விளைவது. எடுத்தால் தீர்ந்துபோகும் செல்வத்தையும் இடையறாது ஊறிவரும் செல்வத்தையும் அவர் வேறுபடுத்திப் பார்த்தார். முன்னதை நம்பிய பொருளாதாரம் போட்டிக்கும் போருக்கும் இட்டுச் செல்லும் என்று எச்சரித்தார்.

1942 போராட்டத்தையொட்டிச் சிறையில் இருந்தபோது இக்கருத்துகளை ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றிய நூலாக எழுதினார். 1945-இல் அது காந்தியின் முன்னுரையோடு வெளிவந்தது. பிறர் உடைமையைப் பறித்து வாழும் ஒட்டுண்ணி நிலையிலிருந்து, கைம்மாறு கருதாத தாய்மை நிலைவரை பொருளாதாரத்தை அவர் அதில் படிநிலைப்படுத்தினார்.

விடுதலைக்குப் பின் நாடு பெருந்தொழில் வழியைத் தேர்ந்தெடுத்தது. காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக அவர் அளித்த பரிந்துரைகளிலும் பெரும்பகுதி செயலாகவில்லை. மதுரை அருகே தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இறுதி ஆண்டுகளைக் கழித்த அவர், 1960 ஜனவரி 30 அன்று, காந்தியின் நினைவு நாளிலேயே மறைந்தார்.

பொருளாதாரம் கற்பித்த காலத்தில், விலையே அனைத்தையும் உணர்த்தும் என்று நானும் மாணவருக்குச் சொன்னதுண்டு. குமரப்பாவின் கணக்கு அதை ஏற்கவில்லை. நெகிழிப்பை மலிவு என்கிறோம். அது அடைத்த சாக்கடையைத் தூர்வாரும் செலவு அதன் விலையில் இல்லை. நகராட்சி ஏடு ஒன்றில், நம் வரிப்பணத்தில் இருக்கிறது.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. பின்னர் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. இன்று ‘இயற்கை’ என்ற முத்திரையோடு பொருள்கள் நகரக் கடைகளில் குவிகின்றன. ஆனால், ஓலைப் பெட்டியை வாங்குவோர் கொடுக்கும் விலையில் அதை முடைந்த பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது? அவரை அரைவயிற்றோடு விட்டுவிட்டு மண்ணைக் காப்பதாகச் சொல்லும் வணிகமும் குமரப்பாவின் தணிக்கையில் தேறாது.

கைவினைப் பொருள்களை விற்கும் அரசு அமைப்புகளும் தனியார் கடைகளும் ஒன்று செய்யலாம். செய்தவருக்குச் சேர்ந்த கூலி எவ்வளவு என்பதை விலைச்சீட்டிலேயே அச்சிடலாம். விலை அதிகமா, குறைவா என்று அதன்பிறகு நாம் பேசலாம்.