மணலில் ஒளி கண்ட மேதை

கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த மதிலருகே நின்று வடக்கே நோக்கினால், கடற்கரை கண்ணுக்கெட்டாத தொலைவுவரை நீண்டு கிடக்கிறது. அக்கரை வழியே சென்றால் கல்பாக்கத்தை அடையலாம். அவ்வூர் மணலில் மோனசைட் என்னும் கனிமம் கலந்துள்ளது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளக் கரையிலும் அது மிகுதி. அதனுள் உறங்குவது தோரியம் என்னும் தனிமம். அந்த மணலில் நாட்டின் எதிர்காலத்தைக் கண்ட பேரறிஞர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

அவர் 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். மகன் பொறியியல் கற்று ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் பணியாற்ற வேண்டும் என்பது குடும்பத்தாரின் ஆவல். அதற்காகவே 1927-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். ஆனால் அவர் உள்ளம் நாடியதோ இயற்பியலை! தம் விருப்பத்தைத் தந்தைக்குக் கடிதத்தில் தெரிவித்தார். தந்தை சினந்தாரில்லை, முதலில் பொறியியலில் முதல் வகுப்பில் தேறட்டும், பிறகு விரும்பியதைப் படிக்கலாம் என்றார். 1930-இல் மகன் அவ்வாறே தேறினார். தந்தையும் சொன்ன சொல்லைக் காத்தார்.

1939-இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தார். உலகப்போர் மூண்டதால் திரும்பிச் செல்ல இயலவில்லை. பெங்களூரில் சர் சி. வி. இராமன் தலைமையில் இயங்கிய துறையில் ஆய்வைத் தொடர்ந்தார். 31 வயதிலேயே இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1945-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1948-இல் அணுசக்திக் குழுவின் தலைவரானார்.

நம் நாட்டில் யுரேனியம் குறைவு, தோரியம் ஏராளம். ஆயினும் தோரியத்தை அப்படியே எரிபொருளாக்க முடியாது. ஏன்? இங்கேதான் தனிமங்களின் நிலைப்புத் தன்மையை நாம் அறிய வேண்டும்.

அணுக்கருவில் உள்ள புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. மிக நெருக்கத்தில் மட்டும் செயல்படும் வேறொரு வலிய விசை அவற்றைப் பிணைக்கிறது. நியூட்ரான்கள் தள்ளுவதில்லை, பிணைப்புக்கு மட்டும் துணை நிற்கின்றன. கார்பனில் 6 புரோட்டான்களுக்கு 6 நியூட்ரான்கள் போதும். கனமான ஈயத்திலோ 82-க்கு 126 வேண்டியிருக்கிறது. அதற்கும் மேலே சென்றால் எத்தனை நியூட்ரான்கள் இருந்தாலும் முழு நிலைப்பு இல்லை. நியூட்ரான் அளவுக்கு மிஞ்சினாலும் அமைதி கெடும்.

தோரியத்தில் 90 புரோட்டான்கள், 142 நியூட்ரான்கள். அது நிலையற்றதே, ஆனால் அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள்! இவ்வளவு நிதானமான தனிமத்தில் ஒரே ஒரு நியூட்ரானைச் சேர்த்தால் நிதானம் குலைகிறது. 22 நிமிட அரை ஆயுளில் அது புரோட்டாக்டினியமாகிறது. புரோட்டாக்டினியம் 27 நாள் அரை ஆயுளில் யுரேனியம்-233 ஆகிறது. இதுவே அணு உலைக்கேற்ற எரிபொருள். ஒவ்வொரு முறையும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுவதே இதன் மருமம்.

முதலில் யுரேனியம், அடுத்து அதிலிருந்து கிடைக்கும் புளூட்டோனியம், இறுதியில் தோரியம் என மூன்று படிகள் கொண்ட திட்டத்தை 1954-இல் பாபா வகுத்தார். 1956-இல் நம் நாட்டின் முதல் அணு உலையான அப்சரா டிராம்பேயில் இயங்கியது. ஓவியத்திலும் இசையிலும் தோய்ந்த அம்மேதை மணம் புரிந்துகொள்ளவில்லை. 1966 ஜனவரி 24-ஆம் நாள் அவர் சென்ற விமானம் ஆல்ப்ஸ் மலையின் மான் பிளாங்க் சிகரத்தருகே மோதி நொறுங்கியது. அப்போது அவருக்கு வயது 56.

அவர் மறைந்தார், திட்டம் மறையவில்லை. 1983-இல் கல்பாக்கத்தில் முதல் மின் உலை இயங்கத் தொடங்கியது. 1985-இல் வேக ஈனுலை வந்தது. 1996-இல் காமினி என்னும் சிறிய ஆய்வு உலை, தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம்-233 கொண்டு இயங்கியது. அவர் மறைந்து 30 ஆண்டுகளுக்குப் பின், நம் கடற்கரையிலேயே அக்கனவு அரும்பியது!

எனினும் தோரியத்தால் வீடுதோறும் விளக்கெரியும் நாள் இன்னும் வரவில்லை. நிலையற்ற தனிமங்களை அவசரப்படுத்த முடியாது. அவற்றின் கழிவுகளை நெடுங்காலம் விழிப்புடன் காக்கவும் வேண்டும். கடலோரத்தில் வாழும் நமக்கு இது பிறர் கவலையன்று. அறிவும் பொறுப்பும் உடையோர் பலர் தேவை. அவர்களுள் நம் பள்ளி மாணவியரும் இருக்கலாகாதா? பெற்றோரே, மகள் ஒருநாள் தன் விருப்பத்தைச் சொல்லி வந்து நின்றால், அந்தப் பம்பாய்த் தந்தையை நினைவுகூருங்கள்!