கொடுமுடி தந்த குரற்செல்வி கே. பி. சுந்தராம்பாள்

முருகப் பெருமானின் ஆலயங்களில் விடியற்காலையில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கினால், மலைக்கு மலை எதிரொலிக்கும் கம்பீரமான பெண்குரல் ஒன்றை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். அது கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் குரல். அக்குரலுக்கும் நமது இலங்கைத் திருநாட்டுக்கும் உள்ள தொடர்பை இன்றைய இளந்தலைமுறையினரில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

அம்மையார் 1908ஆம் ஆண்டு, காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் பாலாம்பாள் வறுமையோடு போராடிப் பிள்ளைகளை வளர்த்தார். ரயிலில் பாடிச் சில்லறை பெற்ற அச்சிறுமியின் குரல்வளம் ரயில்வே அதிகாரி ஒருவரின் கவனத்தை ஈர்க்க, வேலு நாயரின் நாடகக் குழுவில் இடம் கிடைத்தது. மேடையில் ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி பாடுபவரே நடிகர். அந்தப் பயிற்சிதான் பின்னாளில் அவரது தனிச்சிறப்பாயிற்று.

நாடகக் குழுவோடு கடல் கடந்து இலங்கைக்கு வந்த அம்மையார், 1926ஆம் ஆண்டளவில் இங்குதான் புகழ்பெற்ற நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். வள்ளி திருமணம் நாடகத்தில் இருவரும் பாடிய பாட்டுக்கு மக்கள் இரவிரவாக விழித்திருந்தனர். மேடையில் இணைந்தவர்கள் வாழ்விலும் இணைந்தனர். கிட்டப்பா ஏற்கனவே மணமானவர். ஆகவே அந்த இல்லறத்தில் பிரிவும் மனத்தாங்கலும் மிகுந்திருந்தன. 1933ஆம் ஆண்டு டிசம்பரில், 27 வயதிலேயே கிட்டப்பா இறைவனடி சேர்ந்தார். அம்மையாருக்கு அப்போது 25 வயது.

கணவரை இழந்த பெண்ணை மங்கல காரியங்களில் ஒதுக்கி வைத்த காலம் அது. அம்மையார் வெண்ணிறக் கதராடை உடுத்தி, நெற்றியில் திருநீறு தரித்து, இனி எந்த ஆண் நடிகருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். ஆனால் கலையை மட்டும் கைவிடவில்லை. 1935ஆம் ஆண்டு வெளிவந்த நந்தனார் படத்தில், ஆண் வேடமேற்று நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். அக்காலத்தில் எவரும் எண்ணிப் பார்க்க முடியாத தொகை அது.

அதன் பின் அவர் ஏற்ற வேடங்களைப் பாருங்கள்: மணிமேகலை, 1953இல் ஜெமினி நிறுவனத்தின் ஔவையார், 1964இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகள், 1973இல் காரைக்கால் அம்மையார். எல்லோரும் உலகப் பற்றைத் துறந்தவர்கள். 1965இல் வெளிவந்த திருவிளையாடல் படத்தில், மாம்பழத்துக்காகக் கோபித்து மலையேறி நின்ற பாலமுருகனை ஔவையாக வந்து ஆற்றிய காட்சியை மறந்தவர் யார்? தன் வாழ்வின் விரதத்தையே அவர் வேடமாக ஏற்றார் என்றால் மிகையாகாது.

நாட்டு விடுதலைக்காகவும் அம்மையார் மேடைதோறும் பாடினார். கொடுமுடி இல்லத்துக்கு வந்த காந்தியடிகளுக்குத் தங்கத் தட்டில் உணவு படைத்து, அவர் கேட்டவுடன் அத்தட்டையும் நாட்டுப் பணிக்குக் கொடுத்தார். 1951இல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். துணைவன் படப் பாடலுக்குத் தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. 1980ஆம் ஆண்டு சென்னையில் அவர் காலமானார்.

படம் பார்க்க நகரத்துக்குப் போக வசதியில்லாத நம் முன்னோருக்கும் அவரது பாட்டு தவறாமல் கிடைத்தது. இலங்கை வானொலி அதனை லயன் வீடுகளுக்குள் கொண்டு வந்து சேர்த்தது. பெரட்டுக்குப் புறப்படும் அவசரத்திலும் அந்தக் குரல் கேட்டுக் கைகூப்பிய தாய்மார் எத்தனையோ பேர். வாழ்க்கையில் எல்லாம் இழந்தோம் என்று தளரும் நேரத்தில், இழந்ததையே இறைபணியாக்கிக் கொண்ட இந்த அம்மையாரின் வாழ்வு நமக்குத் துணை நிற்கும். மழை ஓயாத நமது வட்டவளை மண்ணிலும் பக்திக் கலைகள் தழைக்க முருகப் பெருமான் திருவருள் புரிவாராக.