த. விசுவநாதன்

தஞ்சாவூர் விசுவநாதன் (1927 - 2002) கருநாடக இசைப் புல்லாங்குழல் கலைஞரும் பல்கலைக்கழக இசை ஆசிரியரும் ஆவார். வீணை தனம்மாளின் பேரன். நடனக் கலைஞர் பாலசரசுவதியின் தம்பி. இவருடைய அண்ணன் ரங்கநாதன் பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் மிருதங்கம் பயின்றவர்.

திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் குழல் கற்ற விசுவநாதன், 1958 இல் புல்பிரைட்டு உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றார். 1960களில் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை வகித்தார். 1975 முதல் இறக்கும் வரை கனெடிகட் மாநிலத்திலுள்ள வெசுலியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். இராக ஆலாபனையை ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார்.

குழலுக்குச் சொற்களை ஒலிக்க இயலாது. ஆகவே கச்சேரியின் நடுவே இவர் குழலை இறக்கிவிட்டுப் பாடலின் வரிகளைத் தாமே பாடுவார். பின்னர் அதே வரியை வாசிப்பார். தனம்மாள் குடும்பத்தின் வாய்ப்பாட்டுக் கமகங்கள் குழலில் ஒலித்தமையே இவர் வாசிப்பின் சிறப்பாகும். மொழியறியாத அமெரிக்க மாணவர்களுக்கும் வாயால் பாடிக்காட்டியே கற்பித்தார். அவர்களுள் ஒருவரான ஜான் ஹிக்கின்சு தமிழ்நாட்டில் பாடகராகவே புகழ்பெற்றார்.

1988 இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார்.