தோட்டத் திரையில் ஒலித்த டிரம்பெட்: சிக் சாக்லேட்டின் கதை

நம் தோட்டத்துப் பெரியவர்களிடம் 'ஓர் இரவு' படத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அண்ணா எழுதிய கதை, ஏவி.எம். எடுத்த படம், 1951-ல் வந்தது. வசனத்தை மறந்தவர்கள்கூட 'ஐயா சாமி' பாட்டை மறந்திருக்க மாட்டார்கள். கால் தானாகத் தாளம் போடும் மெட்டு அது.

அந்த மெட்டு சென்னையில் பிறந்தது அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'சமாதி' என்ற இந்திப் படத்தின் 'கோரே கோரே' பாட்டிலிருந்து எடுத்தது. அந்த இந்திப் பாட்டுக்கும் மூலம் ஓர் அமெரிக்கப் படப் பாட்டு. 'சமாதி' நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தை வைத்து எடுத்த படம். 1943-ல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு நம்மவர்கள் போய்ச் சேர்ந்த அதே படை.

'கோரே கோரே' பாட்டுக்கு இசையமைப்பாளர் என்று பெயர் வந்தது சி. ராமச்சந்திராவுக்கு. ஆனால் அதற்கு லத்தீன் அமெரிக்கத் துள்ளலைக் கொடுத்ததில் பெரும் பங்கு அவருடைய உதவியாளருக்கு உண்டு. அவர் ஒரு டிரம்பெட் கலைஞர். ஊர் உலகம் அவரை அழைத்த பெயர் சிக் சாக்லேட்.

உண்மைப் பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். 1916-ல் கோவாவின் அல்டோனா ஊரில் பிறந்தார். கோவாவை நாம் தூரத்து ஊராக நினைக்க வேண்டியதில்லை. 1510-ல் கோவாவைப் பிடித்த அல்புகெர்க்தான் அடுத்த ஆண்டே மலாக்காவையும் பிடித்தார். வாஸின் பெயருக்கு நடுவே இருக்கும் சேவியர், நம் செயின்ட் பால் குன்றுக் கோயிலில் சில காலம் அடக்கம் செய்யப்பட்டு, பிறகு கோவாவுக்குக் கொண்டு போகப்பட்ட அதே புனிதர்தான். காலியான அந்தக் குழியைக் கம்பிவேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்காத மலாக்கா பள்ளிப் பிள்ளைகள் குறைவு.

கோவாவில் அந்தக் காலத்தில் மாதா கோயிலை ஒட்டிய பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாட்டும் வயலினும் சொல்லிக் கொடுப்பார்கள். அதோடு, மேற்கத்திய இசையைக் காகிதத்தில் எழுதவும் பார்த்து வாசிக்கவும் பழக்குவார்கள். வேலை தேடி பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போன கோவா இளைஞர்களுக்கு அந்தப் படிப்பே சோறு போட்டது. தன் பிள்ளை ஒரு மெக்கானிக் ஆகவேண்டும் என்பதுதான் வாஸின் தாயாரின் ஆசை. பிள்ளையின் கை ஸ்பானரைத் தேடவில்லை, டிரம்பெட்டைத் தேடியது.

வீட்டில் அவருக்குச் செல்லப் பெயர் 'சிக்கோ'. அது சுருங்கி 'சிக்' ஆனது. மேடைக்காகச் 'சாக்லேட்' சேர்ந்தது.

1930-களில் பம்பாயின் தாஜ்மகால் ஹோட்டலில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் ஜாஸ் வாசித்தார்கள். சொந்த நாட்டில் நிறவெறியால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு இங்கே மேடை கிடைத்தது. கோவா இளைஞர்கள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தும் வாசித்தார்கள், பார்த்தும் கற்றார்கள். சிக்குக்கு வழிகாட்டி லூயிஸ் ஆம்ஸ்ட்ராங். அவருடைய கரகரத்த குரல், டிரம்பெட்டோடு கையில் பிடித்திருக்கும் வெள்ளைக் கைக்குட்டை எல்லாமே சிக்கிடம் வந்து சேர்ந்தன. இந்தியாவின் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் என்று மக்கள் அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். 1940-களின் நடுவில் சொந்தக் குழு அமைத்து பம்பாயின் பெரிய ஹோட்டல்களில் வாசித்தார். நகரமே அறிந்த பெயர்.

பிறகு காலம் மாறியது. 1947-ல் வெள்ளைக்காரன் போனான். அடுத்த சில ஆண்டுகளில் பம்பாய் மாநிலத்தில் மதுவிலக்குச் சட்டம் வந்தது. ஹோட்டல் நடனக் கூடங்கள் களையிழந்தன. கலைஞர்களுக்குக் கைகொடுத்தது சினிமா ஸ்டூடியோ.

அங்கே வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் சிக்கின் நிலை விளங்கும். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு மெட்டைப் பாடிக் காட்டுவார். இந்திய முறையில் படித்த பலருக்கு மேற்கத்தியக் குறிப்பு எழுதத் தெரியாது. கோவாக்காரர் அதைக் கேட்டுக் காகிதத்தில் எழுதுவார். வயலின் எங்கே நுழைவது, டிரம்பெட் எங்கே வெடிப்பது, பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் எந்தக் கருவி பேசுவது என்று பிரித்துக் கொடுப்பார். முப்பது நாற்பது பேர் பார்த்து வாசிப்பார்கள். பாட்டு பதிவாகும், கூலி கைக்கு வரும். இசைத்தட்டின் மேல் அச்சாகும் பெயர் மட்டும் வேறொருவருடையது.

ராமச்சந்திராவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் பெரிய கலைஞர். தமிழுக்கும் அந்நியர் அல்லர். 1941-ல் தவமணி தேவி நடித்த 'வனமோகினி'க்கு இசை அவர்தான். பின்னாளில் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடிய பாட்டும் அவர் தந்ததே. அன்றைய வழக்கம் அப்படி இருந்தது. பால் வெட்டியவர் பெயரை எந்த டயர்க் கம்பெனி டயரில் அச்சடித்தது?

ஆனாலும் ஒரு தடவை சிக் திரைக்கு முன்னால் வந்துவிட்டார். 'வனமோகினி'யை இயக்கிய பகவான், பத்து ஆண்டுகள் கழித்து 1951-ல் 'அல்பேலா' என்ற இந்திப் படத்தை எடுத்துத் தானே கதாநாயகனாகவும் நடித்தார். உடன் கீதா பாலி. இசை மறுபடியும் ராமச்சந்திரா, உதவிக்குச் சிக். படம் சக்கைப் போடு போட்டது. 1953-ல் 'நல்ல பிள்ளை' என்ற பெயரில் தமிழ் பேசியது.

சிக் தனியாகவும் இசையமைத்துப் பார்த்தார். தேவ் ஆனந்தும் மதுபாலாவும் நடித்த 'நாதான்' 1951-ல் வந்தது. அடுத்த ஆண்டு 'ரங்கீலி'. இரண்டும் அவரை முன்வரிசையில் உட்காரவைக்கவில்லை. பிறகு மதன் மோகனுக்கும் உதவியாளராக இருந்தார். பகலில் ஸ்டூடியோ, இரவில் மேடை என்றே வாழ்க்கை ஓடியது. 1967-ல் பம்பாயில் காலமானார். ஐம்பதை ஒட்டிய வயது. ஊதுகிறவருக்கு அது ஓய்வுபெறும் வயதுகூட இல்லை.

'அல்பேலா' இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. 'தீவானா' என்று தொடங்கும் பாட்டைத் தேடிப் போடுங்கள். கதாநாயகனும் நாயகியும் ஆடும்போது அவர்களை விட்டுவிட்டுக் குழுவைக் கவனியுங்கள். கையெல்லாம் அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்த சட்டை போட்டு, டிரம்பெட் பிடித்து நிற்கிறாரே, அவர்தான் சிக் சாக்லேட்.