ஏ, பி எங்கே போயின? – கேரி கில்டால் வாழ்க்கைக் கதை

வீட்டில் 'விண்டோஸ்' கம்ப்யூட்டர் இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். பைல்கள் இருக்கும் இடத்துக்கு 'சி' என்ற ஆங்கில எழுத்துதான் பெயராக இருக்கும்.

ஏன் 'சி'? அதற்கு முன்னால் வரவேண்டிய 'ஏ', 'பி' எங்கே போயின?

அவையும் ஒரு காலத்தில் இருந்தன. 'பிளாப்பி' என்ற மெல்லிய தட்டுகளைச் செருகும் இரண்டு பெட்டிகளுக்கு அந்த எழுத்துகள் பெயர். பிறகு வந்த 'ஹார்ட் டிஸ்க்'குக்கு மூன்றாவது எழுத்து கிடைத்தது. பிளாப்பி மறைந்துவிட்டது. 'சி' மட்டும் நின்றுவிட்டது.

சிறிய கம்ப்யூட்டர்களில் இப்படி எழுத்து வைத்து அழைக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் ஒரு கல்லூரி ஆசிரியர். அவர் பெயர் கேரி கில்டால். அவரைப் பற்றி உலகம் அறிந்தது ஒரே ஒரு கதைதான். கோடிக்கணக்கான பணம் வாசலில் வந்து நின்றபோது, அவர் விமானம் ஓட்டி விளையாடப் போய்விட்டாராம்!

உண்மையில் நடந்தது என்ன?

மாலுமிகளின் பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் சியாட்டில் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே 1942-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி கேரி பிறந்தார்.

கேரியின் பாட்டனார் மாலுமிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். நடுக்கடலில் கப்பல் எந்த இடத்தில் நிற்கிறது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் வித்தை அங்கே கற்றுத் தரப்பட்டது. கேரியின் தந்தையும் அங்கே ஆசிரியர். வாலிப வயதில் கேரியும் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

அந்தக் கணக்கு லேசானது அல்ல. பக்கம் பக்கமாக எண்கள் அச்சிட்ட புத்தகத்தைப் புரட்ட வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் விடை வந்துவிழும் இயந்திரம் ஒன்று இருக்கக்கூடாதா என்று தந்தை ஏங்குவது உண்டு. அந்த ஏக்கம் மகன் மனதில் பதிந்துவிட்டது.

பள்ளிப் படிப்பில் கேரி சுமார்தான். கணக்கு ஆசிரியர் ஆகவேண்டும் என்ற எண்ணத்தோடு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பள்ளி நாளில் இருந்து காதலித்த டோரத்தியை மணந்தார். பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அவர் மனம் அதில் ஒட்டிக்கொண்டது. அந்தக் காலக் கம்ப்யூட்டர் ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும்.

அது வியட்நாம் போர்க் காலம். கேரிக்கும் கடற்படையில் இருந்து அழைப்பு வந்தது. கலிபோர்னியாவில் மான்டரே நகரில் கடற்படை அதிகாரிகளுக்கான உயர் கல்லூரியில் பாடம் நடத்தும் வேலை கிடைத்தது. 1972-ல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

கொட்டகையில் ஒரு பிறப்பு

1971-ம் ஆண்டு 'இன்டெல்' கம்பெனி ஒரு புதுமையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கம்ப்யூட்டரின் மூளையை விரல் நகம் அளவுள்ள சில்லுக்குள் அடக்கிவிட்டார்கள். கேரி ஒன்றை வாங்கினார். தந்தையின் கப்பல் கணக்கை அதற்குக் கற்றுக்கொடுக்க முயன்றார். சில்லுக்கு அவ்வளவு சக்தி போதவில்லை. ஆனால் கேரியின் திறமை இன்டெல் கம்பெனியாரின் கண்ணில் பட்டது. வாரத்துக்கு ஒரு நாள் ஆலோசகராக வேலை கொடுத்தார்கள். அந்தக் கம்பெனியிடம் இருந்து கிடைத்த ஒரு சிறு கம்ப்யூட்டரைக் கேரி தன் வகுப்பறையின் பின்பக்கத்தில் வைத்தார். மாணவர்களும் அதில் பழகினார்கள்.

அதில் ஒரு குறை இருந்தது. எழுதியதைச் சேமித்து வைக்க ஓட்டை போட்ட காகித நாடாதான் உண்டு. நாடா அறுந்தால் எல்லாம் போயிற்று. நாடா அறுக்காத நாளிலும் வேலை நத்தை வேகம்தான்.

அப்போது பிளாப்பி தட்டு புதிதாக வந்திருந்தது. ஒரு கம்பெனி, சோதனையில் ஓடித் தேய்ந்த பிளாப்பி பெட்டி ஒன்றைக் கேரிக்குக் கொடுத்தது. பெட்டி வந்துவிட்டது. அதைக் கம்ப்யூட்டருடன் இணைக்கும் மின்சாரச் சாதனம் இல்லை! கேரிக்கு அந்தக் கைவேலை வரவில்லை. கல்லூரி நண்பர் ஜான் டொரோடு உதவிக்கு வந்தார். அவர் இணைப்பைச் செய்தார். தட்டில் எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் புரோகிராமைக் கேரி எழுதினார்.

பசிபிக் குரோவ் என்ற சிற்றூரில் கேரியின் வீடு. வீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கும் கொட்டகை. 1974-ல் அந்தக் கொட்டகையில்தான் அந்தப் புரோகிராம் முதன்முதலாக ஓடியது. அதற்கு 'சி.பி.எம்.' என்று பெயர் வைத்தார்.

பெரிய மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் சரக்கின் பெயரைச் சொல்லுவார்கள். எந்த அலமாரி, எத்தனையாவது டப்பா என்பது கடைப் பையனுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குள் அந்தக் கடைப் பையன் வேலையைச் செய்வதுதான் 'ஆபரேட்டிங் சிஸ்டம்'. கேரி எழுதியது அதைத்தான்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'கமாண்ட் பிராம்ட்' என்ற கறுப்புத் திரையைத் திறந்து, 'டி', 'ஐ', 'ஆர்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, 'என்டர்' அழுத்திப் பாருங்கள். பைல்களின் பட்டியல் வரும். கேரியின் சி.பி.எம்.மிலும் பட்டியல் கேட்பதற்கு அதே மூன்று எழுத்துகள்தான்!

ஒரு முறை எழுதினால் போதும்

இன்டெல் கம்பெனி சி.பி.எம். தனக்கு வேண்டாம் என்றது. கணவனும் மனைவியும் தாங்களே விற்பது என்று முடிவு செய்தார்கள். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். விலை 70 டாலர். ஆர்டர்கள் வந்தன. டோரத்தி கணக்கு வழக்கைக் கவனித்தார். 'டிஜிட்டல் ரிசர்ச்' என்ற கம்பெனி இப்படி வளர்ந்தது.

ஆனால் ஒரு தொல்லை. ஒவ்வொரு கம்பெனியின் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு விதம். புதிய இயந்திரம் வந்தால் சி.பி.எம்.மையும் மாற்றி எழுத வேண்டும்.

1976-ல் 'இம்சாய்' என்ற கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும்போது கேரி ஒரு யுக்தி செய்தார். இயந்திரத்துக்கு இயந்திரம் மாறக்கூடிய வேலைகளை எல்லாம் தனியாகப் பிரித்து ஒரு சிறு துண்டில் வைத்தார். அதற்கு 'பயாஸ்' என்று பெயர். இன்றும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் அந்தச் சொல் காதில் விழும். புதிய இயந்திரம் வந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். மற்றதைத் தொட வேண்டாம்.

இதன் பலன் பெரிது. கடிதம் அடிக்கும் புரோகிராமை ஒருவர் ஒரு முறை எழுதினால், அது எல்லாக் கம்பெனிகளின் சி.பி.எம். இயந்திரங்களுக்கும் பொருந்தி வரும். 'வேர்ட்ஸ்டார்' போன்ற புரோகிராம்கள் இப்படித்தான் ஊரெங்கும் பரவின. கேரியின் வேலைகளில் இதுவே தலையாயது. பணக் கதை பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

1981-ல் சுமார் 3,000 வகைக் கம்ப்யூட்டர்களில் சி.பி.எம். ஓடியது. கம்பெனியின் ஆண்டு வருமானம் 54 லட்சம் டாலர்.

வாசலில் வந்த ஐ.பி.எம்.

1980-ம் ஆண்டு. கம்ப்யூட்டர் உலகின் பெரிய முதலாளியான ஐ.பி.எம். கம்பெனி, மேஜைமேல் வைக்கும் சிறிய கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்யத் திட்டமிட்டது. வெளியில் தெரியாமல் வேலை நடந்தது. அதற்கு ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும். சி.பி.எம்.மைத் தேடி முதலில் 'மைக்ரோசாப்ட்' கம்பெனிக்குப் போனார்கள். அது எங்களுடையது அல்ல என்று பில் கேட்ஸ் சொல்லி, கேரியின் கம்பெனிக்கு வழி காட்டினார்.

குறித்த நாளில் ஐ.பி.எம். ஆட்கள் பசிபிக் குரோவ் வந்தார்கள். கேரி அங்கே இல்லை. தன் சொந்த விமானத்தில் வேறு ஒரு வியாபாரியைப் பார்க்கப் போயிருந்தார். விளையாட அல்ல, வேலையாகத்தான்! வியாபாரம் பேசுவது எப்போதும் டோரத்தியின் பொறுப்பு.

ஐ.பி.எம். ஆட்கள் ஒரு தாளை நீட்டினார்கள். தாங்கள் சொல்வதை வெளியே சொல்லக்கூடாது. கேரியின் கம்பெனி சொல்வதைத் தாங்கள் விருப்பம்போல் உபயோகிக்கலாம். இதுதான் தாளின் சாரம். டோரத்தியும் வக்கீலும் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். பில் கேட்ஸ் தன்னிடம் நீட்டப்பட்ட தாளில் தயங்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அன்று பிற்பகல் திரும்பி வந்து பேச்சில் கலந்துகொண்டதாகக் கேரி பிறகு தெரிவித்தார். ஐ.பி.எம். தரப்பில் வந்தவரோ, கேரியைப் பார்க்கவே இல்லை என்றார். எப்படி இருந்தாலும், பேரம் முடியவில்லை.

கேரியின் மீது குறையே இல்லையா? உண்டு. அது விமானம் ஓட்டியது அல்ல. ஐ.பி.எம்.மின் புதிய இயந்திரத்துக்கு ஏற்ற சி.பி.எம். அப்போது தயாராக இல்லை. வாடிக்கையாளர்கள் நெடுநாளாகக் கேட்டும் அது தாமதமாகிக்கொண்டே இருந்தது. காத்திருந்து சலித்த ஒரு சியாட்டில் கம்பெனியில், டிம் பாட்டர்சன் என்ற இளைஞர் சி.பி.எம்.மின் கையேட்டைப் பார்த்து, அதைப்போலவே இயங்கும் புரோகிராம் ஒன்றை எழுதிவிட்டார். அதை மைக்ரோசாப்ட் 75,000 டாலருக்கு வாங்கியது. ஐ.பி.எம்.முக்குக் கொடுத்தது. மற்றவர்களுக்கு விற்கும் உரிமையையும் கையில் வைத்துக்கொண்டது. பிற்காலச் செல்வமெல்லாம் அந்த உரிமையில் இருந்து வந்தது.

40 டாலரும் 240 டாலரும்

1981 ஆகஸ்டு மாதம் ஐ.பி.எம். கம்ப்யூட்டர் வெளிவந்தது. அதில் இருந்த 'டாஸ்' என்ற புரோகிராமைப் பார்த்துக் கேரி திடுக்கிட்டார். கட்டளை கொடுக்கும் முறை எல்லாம் தன்னுடையதுபோல் இருந்தது. கையேட்டைத்தான் பின்பற்றினேன், புரோகிராமை நகல் எடுக்கவில்லை என்பது பாட்டர்சனின் வாதம். 2012-ல் இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்த நிபுணர் ஒருவரும், நகல் எடுத்ததற்கு அடையாளம் இல்லை என்று எழுதினார்.

கேரி கோர்ட்டுக்குப் போகவில்லை. புரோகிராம்களைக் காக்கும் சட்டம் அப்போது தெளிவாக இல்லை. வழக்கு வேண்டாம், சி.பி.எம்.மையும் சேர்த்து விற்கிறோம் என்று ஐ.பி.எம். உடன்பாட்டுக்கு வந்தது. கேரியும் சம்மதித்தார்.

விலைப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. டாஸ் விலை 40 டாலர். சி.பி.எம். விலை 240 டாலர்! அதுவும் பல மாதம் கழித்து வந்தது. கடைக்கு வந்தவர்கள் எதை வாங்கியிருப்பார்கள் என்று சொல்லவேண்டியது இல்லை.

டெலிவிஷனில் ஆசிரியர்

வியாபாரத்தில் தோற்றவர் சோர்ந்து உட்காரவில்லை. 1983 முதல் சில ஆண்டுகள் அமெரிக்க டெலிவிஷனில் வாரந்தோறும் தோன்றினார். கம்ப்யூட்டர் வாங்கிவிட்டு விழித்துக்கொண்டிருந்த சாதாரண மக்களுக்குப் புதிய செய்திகளையும் உபயோகிக்கும் முறைகளையும் சொல்லும் நிகழ்ச்சி அது. ஸ்டூவர்ட் ஷிபே என்பவர் அதை நடத்தினார். கேரி பக்கத்தில் உட்கார்ந்து, மென்மையான குரலில் விளக்குவார். தன் கம்பெனியை வீழ்த்திய போட்டியாளர்களின் சரக்கையும் பொறுமையாக விளக்குவார். மாலுமிப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அவருக்குள் மாறாமல் இருந்தார்.

1985-ல் ஒரு முழுக் கலைக்களஞ்சியத்தை ஒரே 'சி.டி.' தட்டில் அடக்கி வெளியிட்டது அவர் தொடங்கிய இன்னொரு கம்பெனி.

குடும்ப வாழ்க்கையில் நிம்மதி இல்லை. டோரத்தியுடன் மணமுறிவு ஏற்பட்டது. 1991-ல் டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனி 'நாவெல்' கம்பெனிக்கு விற்கப்பட்டது. கேரிக்கு நிறையப் பணம் கிடைத்தது. டெக்சாஸ் மாநிலத்தில் ஏரிக்கரையில் வீடு, கார்கள், விமானம் எல்லாம் இருந்தன.

1992-ல் அவர் படித்த வாஷிங்டன் பல்கலைக்கழகம், கம்ப்யூட்டர் துறையின் ஆண்டு விழாவுக்கு அவரை அழைத்தது. மேடையில் முக்கியப் பேச்சாளர் யார் தெரியுமா? பில் கேட்ஸ்! கேட்ஸ் அங்கே படித்தவர் அல்ல. கேரியோ அங்கே டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர் மனம் மிகவும் புண்பட்டது. அந்த வேகத்தில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்துச் சில நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் மட்டும் கொடுத்தார். புத்தகமாக வெளியிடவில்லை.

1994 ஜூலை 8-ந் தேதி மான்டரே நகரில் ஒரு மதுக்கடையில் அவர் தலையில் அடிபட்டது. மூன்று நாள் கழித்து, 11-ந் தேதி இறந்தார். வயது 52. அவருடைய கல்லறை சியாட்டிலில் இருக்கிறது.

2014-ல் பசிபிக் குரோவில் பழைய கம்பெனிக் கட்டிடத்துக்கு வெளியே மின்சார என்ஜினீயர்கள் சங்கம் ஒரு நினைவுப் பலகை பதித்தது. சி.பி.எம்.மும் பயாசும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு ஆண்டு கழித்து, அவருடைய மகனும் மகளும் அந்த வாழ்க்கை வரலாற்றின் முற்பகுதியை எல்லோரும் படிக்க அனுமதித்தார்கள். பிற்பகுதியில் தெரிவது குடிப்பழக்கத்தோடு போராடிய மனிதர்தான், தங்கள் தந்தையின் உண்மையான முகம் அல்ல என்று சொல்லி, அதை வெளியிடாமல் வைத்துக்கொண்டார்கள்.